பை முதலில் கிளம்பியது

உட்காருங்கள் அண்ணாச்சி. நடு சீட்டு காலிதான், யாரும் துண்டு போட்டு வைக்கவில்லை. உங்களுக்கு முன்னால் ராஜபாளையத்தில் நாலு பேர் வந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு, இந்தப் பக்கம் என் முகத்தையும் அந்தப் பக்கம் அவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பின்னால் போய்விட்டார்கள். நீங்கள் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டீர்கள். நல்லது. பையை மடியில் வைக்காதீர்கள், காலுக்கடியில் தள்ளுங்கள். அவர் காலை எடுத்துக்கொள்வார். எடுத்துவிட்டார் பாருங்கள். தூங்குகிற ஆள் காலை எடுப்பாரா? சரி, அதை விடுங்கள்.

மதுரைக்கா? மாட்டுத்தாவணியா? இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம். கிருஷ்ணன்கோவிலில் டீக்கு நிறுத்தினால் இரண்டு மணி நேரம். நிறுத்துவார். இந்த டிரைவர் நிறுத்துகிற ஆள்.

நான் சென்னைக்குப் போகிறேன். குடும்பத்தோடு மூன்று நாள் சுற்றுலா. குடும்பம் திங்கட்கிழமையே போய்விட்டது. நான் புதன்கிழமை, இன்றைக்குப் போகிறேன். அது எப்படி என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு பையால் வந்தது. பையை மட்டும் சொல்வதும் நியாயமில்லை, பக்கத்து வீட்டுக்காரரால் வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, என் பக்கம் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு சங்கரன்கோவிலுக்குப் பக்கம். பெயர் வேலாயுதப்பெருமாள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தனியார் பஸ் முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கிற டைம் ஆபீஸ். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று நோட்டில் எழுத வேண்டும். நேரம் வந்தால் விசில் அடித்து வண்டியை வெளியே தள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றுப்பதினெட்டு பஸ்ஸை ஊருக்கு அனுப்புகிறேன். நான் எதிலும் ஏறுவதில்லை. நான் ஏறிவிட்டால் விசில் யார் அடிப்பது?

வீட்டில் பெயர் உலகம்மாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு. காலையில் அடுப்பு முன்னால் நின்றால் மத்தியானம் வரைக்கும் நிற்பாள். பிறகு அண்டா கழுவ நிற்பாள். வீட்டுக்கு வந்து வீட்டு அடுப்பு முன்னால் நிற்பாள். நின்று பழகிய உடம்பு. ஒரே மகள் முத்துஹரிணி, பதினொன்றாம் வகுப்பு. எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

ஆவணி மாதம் ஒரு நாள் உலகம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஹரிணிக்குக் காலாண்டு லீவு வருதுல்லா. எனக்கும் அடுப்பு கிடையாது. மெட்ராஸுக்கு ஒரு மூணு நாளு போய்ட்டு வருவமா?"

"மெட்ராஸ்ல என்ன பாக்கணும் உனக்கு?"

"மெட்ரோ ரயில்ல போணும். எங்க கணக்கு டீச்சர் போய்ட்டு வந்து சொன்னாவ. உள்ள குளுகுளுன்னு இருக்காம். இந்தக் கடைசியில ஏறி அந்தக் கடைசி வரைக்கும் உக்காந்தே போணும். பெறவு அப்படியே திரும்பி வரணும்."

"எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

"எங்கயும் எறங்க வேண்டாம். யாரோ ஓட்டுவாவ, நான் சும்மா உக்காந்திருப்பேன்."

"அது போக வேற?"

"வேற ஒண்ணும் வேண்டாம்."

எங்கேயும் இறங்காமல் போவதற்கு எதற்கு அண்ணாச்சி டிக்கெட்? ஒரு டைம் கீப்பரின் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நான் கோபப்படவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் வாய்திறந்து கேட்ட ஊர் இது ஒன்றுதான். நன்றாகவே செய்து காட்டுவோம் என்று நூற்றிருபது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இதோ, சட்டைக்குள் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன்.

மூன்று நாளில் முப்பத்தோரு இடம். ஒவ்வொன்றுக்கும் போகிற நேரம், வருகிற நேரம், நடுவில் தண்ணீர் குடிக்கிற நேரம். அவள் ஆசையையும் நான் விடவில்லை. இரண்டாம் நாள், பதினாறாவது வரி: 'மெட்ரோ ரயில். இரண்டு ஸ்டேஷன். பதினோரு நிமிடம்.' வாசித்துக் காட்டினேன்.

"பதினோரு நிமிஷமா?" என்றாள்.

"ஏறி எறங்க ரெண்டு நிமிஷம் தனியா போட்டிருக்கேன்" என்றேன்.

சந்தோஷமாகத்தான் இருந்திருப்பாள். அண்டா தேய்க்கப் போய்விட்டாள்.

திட்டம் போட்டால் ஒத்திகை பார்க்க வேண்டும். பார்க்காமல் சென்னையில் போய் விழிக்கவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் மூன்று பேரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இறங்கித் திரும்பி வந்தோம். பதினாறு நிமிஷம். போகிறபோது தெருவில் எல்லாரும் "ஊருக்கா?" என்று கேட்டார்கள். "இல்ல, ஒத்திகை" என்றேன். வருகிறபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹரிணி மட்டும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். குளிர் என்று நினைக்கிறேன்.

அவர் இருமினார், கேட்டதா? இருமட்டும். வெளிக்காற்று.

கிளம்புகிற நாள் புதன்கிழமை என்று முடிவாயிற்று. அங்கேதான் சிக்கல். புதன்கிழமை வடக்கே சூலம். எங்களுக்குச் சென்னை நேர் வடக்கு. உலகம்மாள் சொன்னாள், "காலண்டர்லயே பரிகாரம் போட்டிருக்கே. ஒரு வாய் பால் குடிச்சிட்டுக் கெளம்பிருவோம். எல்லாரும் அப்படித்தான போறாவ?" எல்லாரும் போகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பரிகாரம் எல்லாம் திட்டம் போடத் தெரியாதவர்களுக்கு. திட்டம் போடுகிறவன் பரஸ்தானம் வைப்பான்.

உங்கள் பக்கம் அந்த வழக்கம் உண்டா? ஆள் கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பிரயாணப் பையை மட்டும் வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவது. போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பின கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்றே ஒன்று. போன பை பிரயாணம் முடியாமல் வீட்டுப் படி திரும்ப ஏறக் கூடாது. ஏறினால் பிரயாணமே கெட்டது.

நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் வீடு தெருவின் வடகோடியில் கடைசிக்கு முந்தின வீடு. வடக்கே ஒரே ஒரு வீடு. அதற்கப்புறம் குளம். குளத்திலா பையை வைப்பது?

அந்த ஒரு வீடு முப்புடாதி வீடு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது.

காரணம் கேளுங்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் செல்வமீனாவுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார். எனக்கு? ஜன்னல் கம்பிக்குள் செருகிவிட்டுப் போய்விட்டார். மின் கட்டண ரசீது செருகுவது போல. பத்திரிகையைக் கையில் வாங்காதவன் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவான்? நான் போகவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டேன். அவர் மூன்று தடவை வந்தாராம், மூன்று தடவையும் வீடு பூட்டியிருந்ததாம். நான் டியூட்டியில் இருந்திருப்பேன். நாலாவது தடவை வரக் கூடாதா?

மறுபடியும் இருமுகிறார். நாலாவது தடவையும் வந்தேன் என்கிற இருமல் அது. எனக்குத் தெரியும்.

ஆமாம் அண்ணாச்சி. அவர்தான். ஜன்னலோரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி இருக்கிறாரே, அவர்தான் முப்புடாதி. எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. நீங்கள் நடுவில் இருப்பது எங்கள் இரண்டு பேருக்குமே வசதி.

எங்கே விட்டேன்? பை. திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நல்ல நேரம். மூன்று பேருக்கும் ஒரே பை, பெரிய காவி நிறப் பை. முழுக்க அடுக்கியாயிற்று. உலகம்மாளின் புது வாயில் சேலை, ஹரிணியின் நல்ல உடுப்புகள், அவள் போன் சார்ஜர், என் ஷேவிங் செட்டு. உலகம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கு வீட்டுக்குப் போனாள். நான் எங்கள் வாசலில் நின்றேன். அவர் அவருடைய வாசலில் நின்றார். அவர் வீட்டம்மா ஆவுடையக்கா நடுவில்.

"பையை எங்க வைக்கணும்னு கேளு" என்றார் அவர், ஆவுடையக்காவிடம்.

"வடக்க பாத்து வைக்கச் சொல்லு" என்றேன் நான், உலகம்மாளிடம்.

"பைக்கு மொகம் எந்தப் பக்கம்னு கேளு."

அது குசும்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டைம் ஆபீஸில் எனக்கு மாற்று ஆள் கட்டைவிரலில் கல் விழுந்து படுத்துவிட்டான். நான் இல்லாமல் விசில்? பயணத்தை ஒரு வாரம் தள்ளினேன். தள்ளினதுதான் தள்ளினேன், காலாண்டு லீவு முடிந்துவிட்டது. சரி, தீபாவளிக்குப் போகலாம் என்றேன். தீபாவளிக்கு எங்கள் ஸ்டாண்டில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு கார்த்திகை மாதம். சென்னையில் மழை என்று பேப்பரில் போட்டிருந்தான்.

"மூணு நாளைக்கு மேல பரஸ்தானம் செல்லாதுன்னு எங்க அய்யா சொல்லுவாவ" என்றாள் உலகம்மாள்.

"பை எங்க இருக்கு?"

"அவுக வீட்டுல."

"அப்ப பயணத்துலதான இருக்கு? பெறகென்ன?"

அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு கஷ்டம் இருந்தது, மறைக்கவில்லை. நல்ல சாமான் எல்லாம் பைக்குள் போய்விட்டது. பை இங்கே வரக் கூடாது. நாங்கள் அங்கே போகலாமா என்று விதியில் ஒன்றும் இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தவள் ஹரிணி. "சார்ஜ் போட்டுட்டு வாரேம்ப்பா" என்று போவாள். பிறகு உலகம்மாள். ஒரு சீமந்தத்துக்குப் போக வேண்டும் என்று வடக்கு வீட்டுக்குப் போய்ப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, விசேஷம் முடிந்து, அங்கேயே போய் அவிழ்த்துவைத்துவிட்டு வந்தாள். பிறகு தினமும் சாயங்காலம், "பையைப் பாத்துட்டு வாரேன்" என்று போக ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் என்று போனவள் ஒரு மணி நேரம் கழித்து வருவாள்.

"பை எப்படி இருக்கு?" என்பேன்.

"நல்லா இருக்கு" என்பாள்.

வரும்போது காப்பி வாசம் வரும். நான் கேட்டுக்கொள்வதில்லை. நான் மட்டும் போகவில்லை. மூன்று மாதமாக என் ஷேவிங் செட்டு அந்த வீட்டில்தான் இருக்கிறது. இந்தத் தாடி அப்படி வந்ததுதான். ஸ்டாண்டில் சாமிக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் எங்கள் வீட்டு மாடியில் துணி எடுக்கப் போனபோது அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பை தெரிந்தது. கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பை முன்னைவிடக் கொஞ்சம் பெருத்திருந்த மாதிரி இருந்தது. இறங்கிவந்து கேட்டேன்.

"அக்கா அவுக சேலை ரெண்டை உள்ள வச்சாவ" என்றாள்.

"அவுக எதுக்கு நம்ம பையில வைக்கணும்?"

"இடம் இருந்துச்சு, வச்சாவ."

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்குப் பையில் இடம் இருந்தால் பொறுக்காது.

இந்த செல்வமீனா இருக்கிறாளே, அதுதான் கல்யாணப் பெண், அவள் சென்னையில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடாம். "சித்தி, நீங்க எல்லாரும் வந்து எங்க வீட்டுலயே தங்கலாம்லா" என்று போனில் எத்தனையோ தடவை சொன்னாளாம். நான் லாட்ஜ் பார்க்க மட்டும் நோட்டில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். பத்திரிகையைக் கையில் கொடுக்காதவர் மகள் வீட்டில் நான் எப்படிக் கை நனைப்பது?

டீக்கு நிறுத்துகிறார் பாருங்கள். சொன்னேனா இல்லையா? ஏழு நிமிஷம் என்பார், பன்னிரண்டு ஆகும். நீங்கள் இறங்கவில்லையா? அப்படியானால் ஒரு சின்ன காரியம். அவருக்கு டீ வேண்டுமா என்று கேளுங்கள். நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். சர்க்கரை இல்லாமலா? எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்.

இந்தாருங்கள், இந்த டீயை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மார்கழி பிறந்து, அரையாண்டு லீவு விட்டார்கள். இந்தத் தடவை தப்பவே தப்பாது என்று ஐந்தாவது தடவையாகத் திட்டத்தைத் திருத்தி எழுதினேன். போன திங்கட்கிழமை காலை ஆறு பத்து பஸ். உலகம்மாள் வாசல் தெளிக்கும்போது பாட்டெல்லாம் முனகினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளிகள் சங்கத்திலிருந்து போன். தை முதல் புது டைம் டேபிள் வருகிறதாம், செவ்வாய்க்கிழமை கூட்டமாம். டைம் கீப்பர் வர வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் டைம் டேபிள் பேசுகிற கூட்டத்தில் டைம் கீப்பர் இல்லாமல் எப்படி? நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். "பொங்கலுக்குப் போய்க்கிடுவோம்."

உலகம்மாள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஹரிணிதான், "அப்பா, அம்மாவுக்குப் பொங்கல் லீவுலதான் பள்ளிக்கூடத்துல பெயிண்ட் அடிக்காவ, அடுப்படிச் சாமானை எல்லாம் ஒதுக்கி வைக்கணும்லா?" என்றாள்.

"அப்ப முழுப்பரீட்சை லீவு" என்றேன். சிக்கலே இல்லை.

உலகம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நான் பையைப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனாள். அன்றைக்கு வெகு நேரம் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல டியூட்டிக்குப் போனேன். ஆறு பத்து ராஜபாளையம் பஸ். ஆறு பத்துக்கு விசில் அடித்தேன், வண்டி நகரவில்லை. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு நிமிசம். மூணு பொம்பளையாளு பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வாராவ" என்றான்.

"வாரவங்களுக்கெல்லாம் நின்னா பஸ் எப்ப போறது? எடு!"

"ஏறிருவாவ அண்ணாச்சி, பாவம்."

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு பதினொன்று. இன்னொரு விசில் அடித்தேன். வண்டி போய்விட்டது. நோட்டில் எழுதினேன்: '6.11. ஒரு நிமிடம் தாமதம். காரணம், பயணிகள்.'

எட்டே முக்காலுக்கு அதே பஸ் திரும்பி வந்தது. டிரைவர் இறங்கிவந்து, "அண்ணாச்சி, மதினிக்கு மதுரை பஸ்ஸுல நானே எடம் புடிச்சிக் குடுத்துட்டேன். நல்ல ஜன்னலோரம்" என்றான்.

"எந்த மதினிடே?"

"உங்க வீட்டு மதினிதான். காலையில நீங்கதான அண்ணாச்சி விசில் அடிச்சி அனுப்புனிய?"

அடித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. நான் நேரத்தைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. நேரத்தைப் பார்க்கத்தானே அண்ணாச்சி என்னை வைத்திருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்தால் சாவி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. வடக்கு வீட்டுக்காரர் மதில் பக்கத்தில் நின்று, அவர் வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்து, "பை கெளம்பிட்டு" என்றார். முருங்கை மரத்திடம்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. "எங்க வீட்டு அம்மாவும் கூடப் போயிட்டா. உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னும் சொல்லல" என்றார், அதையும் மரத்திடமே.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனேன். டீ கொடுத்தார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நானாகப் போய், நாலு நாள் லீவு வேண்டும் என்றேன். "தாராளமா போங்க வேலாயுதம். இருபத்தாறு வருசத்துல நீங்க லீவே கேட்டதில்லையே" என்றார் சங்கத் தலைவர். விசில் யார் அடிப்பது என்று கேட்டேன். "எவனாவது அடிப்பான்" என்றார். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் லீவு லீவுதான்.

நான் கோபித்துக்கொண்டு போகவில்லை அண்ணாச்சி, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டு என்னிடம் இருக்கிறது. நோட்டு இல்லாமல் அந்தப் பெரிய ஊரில் மூன்று பெண்கள் என்ன செய்வார்கள்? எங்கே போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது? அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாமா?

நேற்று சாயங்காலம் முப்புடாதி முருங்கை மரத்திடம், "நாளைக்கு ஆறு பத்து பஸ்ஸுல மக வீட்டுக்குப் போறதா இருக்கேன்" என்றார். நான் எங்கள் வீட்டு மோட்டார் சுவிட்சிடம், "அந்த பஸ் சரியா ஆறு பத்துக்கு எடுத்துரும், முன்னாடியே வந்துரணும்" என்றேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. வடக்கே சூலம். காலையில் நான் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பினால், மதில் மேல் இரண்டு டம்ளரில் பால் இருந்தது. ஒன்று அவர் எடுத்துக் குடித்தார். இன்னொன்று அங்கேயே இருந்தது. கொஞ்சம் தீய்ந்த வாசம். அந்த டம்ளர் இப்போது காலியாக இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை.

பொறுங்கள், போன் வருகிறது. வீட்டில்தான். பஸ் இரைச்சலில் எனக்குக் காது கேட்காது, ஸ்பீக்கரில் போடுகிறேன். நீங்கள் கேட்டால் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும்தான் சொல்லிவிட்டேனே.

"ஏளா, எங்க இருக்கே?"

"மெட்ரோவுல."

"மெட்ரோவா? சத்தமே கேக்கலயே?"

"இங்க சத்தமே கெடையாதுங்க. வழுக்கிக்கிட்டே போகுது. கொஞ்ச நேரம் மண்ணுக்கு அடியில போகுது, கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்கு மேல போகுது."

"எங்க போறே?"

"கடைசிக்கு. அங்க எல்லாரையும் எறங்கச் சொல்லுதாவ. எறங்கி எதுத்தாப்புல நிக்க வண்டியில ஏறிக்கிடுதோம். மறுபடி இந்தக் கடைசிக்கு."

"எவ்வளவு நேரமா இப்படி?"

"பாக்கலயே."

"பாக்கலயா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? ஆவுடையக்கா தூங்கிட்டாவ. ஹரிணி பாட்டுக் கேக்கா. நான் உக்காந்திருக்கேன்."

"பை எங்க?"

"பக்கத்துல. தனியா ஒரு சீட்டு. மூணு மாசமா கெளம்பிக் கெளம்பி நின்ன பையில்லா, அதுக்கும் ஆசை இருக்கும்லா, கூட்டிட்டு வந்தேன். உங்க ஷேவிங் செட்டு உள்ளதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

"நான் சாயங்காலம் வந்துருவேன். நோட்டு கையில இருக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு—"

"வாங்க. நாளைக்கும் நாங்க இதுலதான் போவோம். ஆனா நாங்க ஏறுதது பெண்கள் பெட்டி. நீங்க ஏற முடியாது. நீங்களும் வடக்கு வீட்டு அண்ணாச்சியும் அடுத்த பெட்டியில ஒண்ணா உக்காந்துக்கிடுங்க. அவுககிட்ட பேசுனியளா?"

"நடுவுல ஆள் இருக்கு."

"நல்லா இருக்கு. சரி, வைக்கேன். ஆறு வருது, பாக்கணும்."

வைத்துவிட்டாள். அவளாக வைத்து நான் பார்த்ததில்லை.

இந்த நோட்டைக் கொஞ்சம் பிடியுங்கள். பென்சில் எங்கேயோ வைத்தேன். இரண்டாம் நாள், பதினாறாவது வரி. 'பதினோரு நிமிடம்.' இதை அழிக்கிறேன். இல்லை, வேறு ஒன்றும் எழுதப் போவதில்லை. காலியாகவே இருக்கட்டும். ஒரு வரி காலியாக இருந்தால் திட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. இதற்குக் கீழே இருக்கிற பதினைந்து வரியும் இடிக்கும்தான். பார்த்துக்கொள்ளலாம்.

திருமங்கலம் தாண்டிவிட்டோம். மாட்டுத்தாவணி இன்னும் முக்கால் மணி நேரம்தான். நீங்கள் அங்கே இறங்கிவிடுவீர்கள். நாங்கள் சென்னை பஸ் ஏற வேண்டும். அண்ணாச்சி, உங்களிடம் கடைசியாக ஒரு உதவி. அவரிடம் சொல்லுங்கள்: சென்னை பஸ்ஸில் இந்த மாதிரி மூன்று சீட்டு கிடையாது. எல்லாம் இரண்டு இரண்டு சீட்டுதான். இருபத்தாறு வருஷமாகப் பஸ் பார்க்கிறவன் சொல்கிறேன். நடு சீட்டே கிடையாது. அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

துண்டை எடுத்துவிட்டாரா? என்ன சொன்னார்?

ஜன்னலோரம் வேண்டுமாமா?

இப்போது ஒன்றேகால் மணி நேரமாக அவர்தானே ஜன்னலோரம்? சென்னை வரைக்கும் ஒன்பது மணி நேரம். விழுப்புரம் வரைக்கும் அவர், அதற்குப் பிறகு நான். அப்படிச் சொல்லுங்கள்.

இருமுகிறாரா?

சரி என்கிற இருமல்தான் அது.